சிலோன் எடுக்குமா?

பட்டாபிராமில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம். வீட்டில் கொழுந்தியாள் குடும்பம் வந்து இறங்கியிருக்கிறது. இனிமேல் தாங்காது என்று முடிவெடுத்து, ஆவடிப் பக்கம் போய், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடைக்குள் நுழைகிறீர்கள். உள்ளே ஜில்லென்று இருக்கிறது. பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

டை கட்டிய பையன் ஒருவர் ஓடி வருகிறார். "இன்வெர்ட்டர் ஏ.சி. பாருங்க சார். லேட்டஸ்ட்."

உங்களுக்கு நியாயமான ஒரு சந்தேகம். "இன்வெர்ட்டர்னா, கரன்ட் போனாலும் ஓடுமா தம்பி?"

அரை விநாடி யோசிக்கிறார். அப்புறம் தயங்காமல் சொல்கிறார். "ஓடும் சார்!"

ஓடாது. ஓடவே ஓடாது. இந்த 'இன்வெர்ட்டர்' வேறு, வீட்டு மூலையில் பாட்டரியோடு உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர் வேறு. பழைய ஏ.சி.யில் கம்ப்ரெஸர் ஒன்று முழு வேகத்தில் ஓடும், அல்லது நின்றுவிடும். புது வகையில் மின்சாரத்தின் அலைவரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்து, கம்ப்ரெஸரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். அதைச் செய்கிற சர்க்யூட்டுக்குப் பெயர்தான் இன்வெர்ட்டர். கரன்ட் மிச்சமாகும். கரன்ட் போனால் அதுவும் போய்விடும்.

கேள்வி கேட்ட உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 2008-லிருந்து ஐந்தாறு வருஷம் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. 2012-ல் சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. அப்போது தமிழன் கற்றுக்கொண்ட வார்த்தை இன்வெர்ட்டர். கரன்ட் போனால் ஃபேன் ஓட வைக்கிற பெட்டி. அதே வார்த்தையை ஏ.சி. மேல் ஒட்டி விற்றால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? அதைத் தெளிவுபடுத்தத்தான் கடையில் ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்கும் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, இது நடக்கிற இடம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்க் உருண்டு வெளியே வந்தது. அங்கே நாற்பது வருஷம் இன்ஜினோடு மல்லுக்கட்டி ரிட்டயரானவர்கள் ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் வட்டாரமெங்கும் குடியிருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தும் மில்லிங்கும் ஓட்டினவர்கள் பக்கத்துத் தெருவில். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு, அந்தப் பக்கம் நிற்கிறவரைவிட மெஷினைப் பற்றி அதிகம் தெரியும். "கண்டென்ஸர் காயில் செம்பா, அலுமினியமா?" என்று கேட்பார். "எல்லாமே கம்பெனி ஐட்டம் சார்" என்று பதில் வரும்.

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பையனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று யோசிக்க வேண்டும். விற்கிற பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் அதை விற்கலாம் என்கிற நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதுவும் இதே சென்னையில்.

* * *

1924-ல் மதராஸில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் ஜூலையிலேயே ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. காசு போதாமல் 1927-ல் மூடினார்கள். கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930-ல் சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மக்கள் காற்றும் வாங்கினார்கள், பாட்டும் கேட்டார்கள். ஆல் இந்தியா ரேடியோ மதராஸுக்கு வந்தது 1938 ஜூன் 16 அன்று.

அந்தக் காலத்தில் ரேடியோ வாங்குவது என்பது சட்டியோ தட்டோ வாங்குகிற காரியம் அல்ல. 1933-ல் ஒரு சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் குற்றம். வருஷா வருஷம் தபாலாபீஸுக்குப் போய்ப் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். இந்த லைசென்ஸ் ஒழிந்தது 1980களின் நடுவில்தான் என்றால் இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வாங்குகிறவருக்கு மட்டுமில்லை, விற்கிற கடைக்காரருக்கும் தனி லைசென்ஸ் உண்டு.

அப்படிப்பட்ட கடைக்காரர் யார்? பெரும்பாலும் அவரே மெக்கானிக். கடைக்கு முன்பக்கம் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஹெச்.எம்.வி. என்று பளபளவென்று நாலு ரேடியோ. பின்பக்கம் ஒரு மேஜை, சால்டரிங் அயர்ன், வயிற்றைத் திறந்து போட்ட பழைய செட், கருகின வாடை. ஸ்விட்சைப் போட்டால் வால்வு சூடாகிக் குரல் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அவர் பாடம் எடுத்துவிடுவார்.

1950களில் அவரிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சிலோன் எடுக்குமா?"

காரணம் டெல்லியில் இருந்தார். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. இலங்கை வானொலி அந்த இடத்தை அள்ளிக்கொண்டது. 1957-ல் விவித பாரதி ஆரம்பிக்கும்வரை, அதற்கப்புறமும்கூட, ரேடியோவின் அருமை பெருமையெல்லாம் கொழும்பு தெளிவாகக் கேட்கிறதா என்பதில்தான் இருந்தது.

இதற்குக் கடைக்காரர் 'எடுக்கும்' என்று சும்மா சொல்லிவிட முடியாது. மீடியம் வேவ் மட்டும் உள்ள செட்டா, ஷார்ட் வேவும் உண்டா என்று பார்க்க வேண்டும். உங்கள் வீடு மாடியா, ஓடா, பக்கத்தில் மாவு மில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பட்டையாகப் பின்னிய செம்புக்கம்பி வலையை எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்கு இழுத்துக் கட்டினால் நல்லது என்று தெரிய வேண்டும். பல பேர் வீட்டுக்கே வந்து ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

இவர் பெரிய ஞானி, தியாகி என்றெல்லாம் சொல்லவில்லை. நல்ல வால்வைப் 'போயிடுச்சு' என்று சொல்லிப் புது வால்வுக்குக் காசு வாங்கியவர்கள் அன்றும் உண்டு. ஆனாலும் ஏன் தெரிந்து வைத்திருந்தார்? மூன்று காரணம். ஒன்று, விற்றது ஏழெட்டு மாடல்தான். ஏழெட்டையும் கரைத்துக் குடிக்க முடியும். இரண்டு, அவர் அந்தக் கடையில் இருபது வருஷம் இருப்பார். மூன்றாவதுதான் முக்கியம். ரேடியோ மக்கர் பண்ணினால் அது திரும்பி வந்து நிற்கப்போவது அவர் வாசலில்தான். இன்றைக்குப் பொய் சொன்னால் நாளைக்கு அவரே திறந்து பார்த்தாக வேண்டும்.

* * *

சட்டமும் இந்த மாதிரிக் கடைக்காரரை மனசில் வைத்துத்தான் எழுதப்பட்டது. 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதன் 16-வது பிரிவு சுவாரஸ்யமானது. பொதுவாக, வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும், விற்றவனுக்குப் பொறுப்பில்லை என்று ஆரம்பிக்கிறது. உடனே ஒரு விலக்கும் கொடுக்கிறது. வாங்குகிறவர், 'எனக்கு இன்ன காரியத்துக்கு வேண்டும்' என்று சொல்லி, விற்கிறவரின் திறமையையும் தீர்ப்பையும் நம்பி வாங்கினால், அவரும் அந்த வகைச் சரக்கை வழக்கமாக விற்கிறவராக இருந்தால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஓரளவாவது உதவித்தான் ஆகவேண்டும். அது சொல்லாமலே செய்துகொண்ட நிபந்தனை.

கவனியுங்கள். விற்கிறவரின் 'திறமை', 'தீர்ப்பு'. கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. "சிலோன் எடுக்குமா?" என்று கேட்டு, "எடுக்கும்" என்ற பேச்சை நம்பி வாங்கியவருக்கு இது ஒரு கவசம்.

ஆனால் அதே பிரிவில் பின்னால் ஒரு சின்ன வாசகம் ஒளிந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால், குறிப்பிட்ட காரியத்துக்கு உதவும் என்கிற அந்த மறைமுக நிபந்தனை கிடையாது. அதாவது, 'நல்ல ரேடியோவாகக் கொடுங்கள்' என்று கேட்டால் பொறுப்பு கடைக்காரருக்கு. 'இன்ன கம்பெனி, இன்ன மாடல் கொடுங்கள்' என்று கேட்டால் பொறுப்பு உங்களுக்கு.

அந்த ஒரு வரிக்குள் அடுத்த எழுபது வருஷக் கதையும் அடங்கிவிட்டது. கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கியது போய், கம்பெனியின் பெயரை நம்பி வாங்குகிற காலம் வந்தது. பெயரை நம்பி வாங்கும்போது நடுவில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லையே!

* * *

1975 ஆகஸ்ட் 15. சென்னையில் தொலைக்காட்சி ஆரம்பம். சாலிடேர், டயனோரா என்று நம் ஊரிலேயே தயாரான டி.வி.க்கள். மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர், பூட்டுச் சாவிகூட உண்டு. டி.வி.க்காரரும் ஆரம்பத்தில் ரேடியோக்காரர் மாதிரிதான். மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கத்துவார். கீழே குடும்பமே கோரஸாக, "இல்லை... இல்லை... ஆங், வந்துடுச்சு!" என்று பதில் சொல்லும்.

1982-ல் ஏஷியாட் விளையாட்டை ஒட்டிக் கலர் வந்தது. டி.வி. ஆடம்பரம் என்பது போய் அவசியமானது. ஆனால் மாசச் சம்பளக்காரர் எப்படி மொத்தமாகப் பணம் கட்டுவார்?

இங்கேதான் சென்னை வியாபாரத்தின் பெரிய கண்டுபிடிப்பு வருகிறது. தவணை முறை. வி.ஜி.பி. சகோதரர்கள் 1950களிலேயே கைக்கடிகாரத்தில் ஆரம்பித்து வைத்த வழி இது. அந்த நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்த ஹெச்.வசந்தகுமார் 1978-ல் வெளியே வந்து சொந்தக் கடை திறந்தார். அது ஊருக்கு ஊர் கிளையாகப் பரவி, அவர் சட்டமன்ற உறுப்பினராகி, 2019-ல் கன்னியாகுமரி எம்.பி.யும் ஆனார். 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. சேல்ஸ்மேன் என்பவர் வெறும் சேல்ஸ்மேனாகவே முடிந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

தவணை முறை ஏழை வீட்டுக்குள் ஃபேனையும் மிக்ஸியையும் ஃப்ரிட்ஜையும் கொண்டுவந்தது. ஷிஃப்டுக்குப் போகிற ஃபிட்டரின் மனைவி அம்மியிலிருந்து விடுபட்டார். சின்ன விஷயமில்லை. ஆனால் கூடவே, விற்கிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் மாறிப்போனது. முன்பு அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் தெரிந்து வைத்திருந்தார். இப்போது உங்கள் சட்டைப் பையைத் தெரிந்துகொண்டால் போதும். "வீடு மாடியா, ஓடா?" என்று கேட்ட வாய், "மாசம் எவ்வளவு சார் கட்ட முடியும்?" என்று கேட்க ஆரம்பித்தது.

சரி, பின்பக்கத்தைத் தெரிந்தவர்கள் எங்கே போனார்கள்? மவுன்ட் ரோட்டுக்குப் பின்னால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு வட்டாரத்துக்கு. நமக்கெல்லாம் அது ரிச்சி ஸ்ட்ரீட். ரெஸிஸ்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை கிடைக்கிற இடம். அங்கே ஒரு ஆள் அகலத்துக்குக் கடை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் ரிமோட்டைக் காட்டினால், திறந்துகூடப் பார்க்காமல், "ஐ.ஸி. போயிருக்கும், புதுசே வாங்கிக்கங்க" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அறிவு அழியவில்லை. ஷோரூமைவிட்டுச் சந்துக்குள் குடிபோய்விட்டது. அவ்வளவுதான்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகக் கடற்கரை ஸ்டேஷன் அருகில் 1969-ல் உருவான பர்மா பஜாரிலும் விவரமானவர்கள் இருந்தார்கள். என்ன, பில் கேட்கக் கூடாது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு முதல் கிளி வரை விற்றவர்கள் இருந்தார்கள். 1985 மே மாதத்தில் ஒரு ராத்திரி அது எரிந்து போனது. அந்த இடத்தில் எழுந்த மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்துதான் ஆவடி, பட்டாபிராம் பக்கம் போகிற மின்சார ரயில்கள் கிளம்புகின்றன. பேரம் பேசிக் கேள்வி கேட்டு வாங்கின இடத்தை மிதித்துத்தான் தினமும் வீட்டுக்குப் போகிறோம்.

* * *

1991-ல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சில வருஷங்களில் கொரியக் கம்பெனிகள் வந்தன. ஏழெட்டு மாடல் எழுபதாகி, எழுநூறானது. ஒரு பையன் எத்தனையைத்தான் மனப்பாடம் செய்வான்?

கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. 'உங்கள் கடையில் எங்கள் ஆளை நிறுத்துகிறோம். சம்பளம் நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம்.' இவருக்குப் பெயர் ப்ரமோட்டர். கடைக்காரருக்குச் சம்பளம் மிச்சம். கம்பெனிக்குத் தன் சரக்கைத் தள்ள ஒரு ஆள். வாடிக்கையாளருக்கு?

நீங்கள் கடைக்குள் நுழையும்போது ஓடி வருகிறாரே, அவர் பல சமயம் அந்தக் கடை ஊழியரே கிடையாது. ஏதோ ஒரு கம்பெனிக்காக, ஏதோ ஒரு ஆள்பிடிக்கும் ஏஜென்ஸி அனுப்பிவைத்தவர். மாதம் இத்தனை விற்க வேண்டும் என்று இலக்கு. இன்ன மாடலை விற்றால் இத்தனை ரூபாய் ஊக்கத்தொகை. 'என் வீட்டு ஹாலுக்கு எந்த டி.வி. சரி?' என்று நீங்கள் கேட்கிறீர்கள். 'இந்த வாரம் எதற்கு இன்சென்டிவ் அதிகம்?' என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

பொருளாதாரத்தில் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்பவர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் விற்கிறவருக்கு அதன் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது, அதனால் சந்தையே கெட்டுப்போகும் என்றார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் ஷோரூம் அவரையும் தாண்டிவிட்டது. இங்கே வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. தெரிந்தவர் வேறு ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பொருளும் சும்மா இருக்கவில்லை. 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாகச் சென்னையில் கேபிளுக்கு செட்-டாப் பாக்ஸ் முறை வந்தபோது, எந்தப் பெட்டி வாங்கினால் எந்த சேனல் தெரியும் என்று யாருக்கும் விளங்கவில்லை. 2006-ல் நட்சத்திர ஸ்டிக்கர் வந்தது. அதே வருஷம் அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் முதல் டி.வி. சேல்ஸ்மேன் என்று ஒருவரே இல்லாமல் வந்து இறங்கியது. கேள்வியும் இல்லை, பொய்யும் இல்லை!

நட்சத்திரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'அஞ்சு ஸ்டார் சார்' என்பார்கள். எந்த வருஷத்து அஞ்சு? அளவுகோலை அரசாங்கம் அவ்வப்போது இறுக்குகிறது. 2022 ஜூலையில் ஏ.சி.க்களுக்கு அப்படி இறுக்கியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்தது 4 ஆகிவிட்டது. மெஷின் அதேதான். ஆகவே நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கு என்று அச்சிட்டிருக்கிறதோ அதையும் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். இரண்டு மாடலை ஒப்பிட அந்த எண் போதும். சேல்ஸ்மேன் தேவையில்லை.

* * *

விஷயம் தெரிந்த ஆளை வைத்துக்கொள்வது தண்டச் செலவு என்று நினைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒரு கம்பெனி அதைப் பரீட்சித்தே பார்த்துவிட்டது.

சர்க்யூட் சிட்டி. 1949-ல் ஆரம்பித்த எலெக்ட்ரானிக்ஸ் கடை, நாடு முழுக்கக் கிளைகள். வெற்றிக்கு உதாரணம் என்று 2001-ல் வந்த பிரபலமான நிர்வாகப் புத்தகம் ஒன்று அதைப் புகழ்ந்து தள்ளியது. 2007 மார்ச்சில் அதன் நிர்வாகம் கணக்குப் போட்டது. கடையில் சுமார் 3,400 பேர் சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள். ஏன் அதிகம்? அனுபவசாலிகள். ஒரே நாளில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையில் குற்றம் ஒன்றுமில்லை. சம்பளம்தான் குற்றம். குறைந்த சம்பளத்துக்குச் சம்மதமென்றால் பத்து வாரம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

அடுத்து வந்த மாதங்களில் விற்பனை சரிந்தது. டி.வி.யின் விலை விழுந்தது, போட்டிக் கடைகள் நெருக்கின, 2008-ல் நிதி நெருக்கடி வந்தது. எல்லாமே காரணம்தான். ஆனால் கஷ்ட காலத்தில் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச அந்த 3,400 பேர் இல்லை. 2008 நவம்பரில் திவால் மனு. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடப்பட்டது. 34,000 பேருக்கு வேலை போனது.

ரேடியோ ஷாக் என்று இன்னொன்று. 1921-ல் பாஸ்டனில், ரேடியோவைத் தானே கட்டுகிற பைத்தியங்களுக்காக ஆரம்பித்த கடை. கப்பலில் ரேடியோக் கருவி வைத்திருக்கும் சின்ன அறைக்கு அந்தப் பெயர். 'உங்களிடம் கேள்வி இருக்கிறது, எங்களிடம் பதில் இருக்கிறது' என்பதே 1990களில் அதன் விளம்பர வாசகம். பிறகு உதிரி பாகத்தைக் குறைத்து செல்போன் விற்கிற கடையாக மாறினார்கள். பதில் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. 2015 பிப்ரவரியில் திவால்.

* * *

இனி நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோருக்கு நாலு உரிமைகளைச் சொன்னார். அதில் ஒன்று, விவரம் அறியும் உரிமை. அந்த நாளைத்தான் உலக நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கிடைத்தது. 2020 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் 2019-ம் வருஷத்துப் புதுச் சட்டம். தரம், அளவு, வீரியம், விலை பற்றி அறிய வாங்குகிறவருக்கு உரிமை உண்டு என்று இரண்டிலும் எழுதியிருக்கிறது.

புதுச் சட்டத்தில் விற்கிறவரை நேரடியாகத் தொடுகிற இடங்களும் உண்டு. கம்பெனி கொடுக்காத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தானாகக் கொடுத்து, அது பொய்த்து, அதனால் பாதிப்பு வந்தால், அவரும் பொறுப்பு. சரியாகப் பயன்படுத்துவது எப்படி, என்ன ஆபத்து என்று கம்பெனி சொல்லியிருப்பதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விட்டு, அதனால் கெடுதல் நேர்ந்தாலும் பொறுப்பு. 'எனக்குத் தெரியாது சார்' என்பது இனி முழுத் தப்பித்தல் இல்லை.

ஆனால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். '150 சதுர அடி, மொட்டை மாடிக்குக் கீழ் அறை, இதற்கு இந்த ஏ.சி. போதுமா?' என்று கேளுங்கள். போதும் என்றால், அதைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 'கரன்ட் போனாலும் ஓடும்' என்றாரா? பேனாவை நீட்டுங்கள். எழுதச் சொன்னதும் அவரே உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வருவார். நிஜமான பதில் அப்போது வரும். 1930-ம் வருஷத்துச் சட்டம் 'திறமையையும் தீர்ப்பையும் நம்பி' என்று சொன்னதற்கு, அந்தக் காகிதம்தான் சாட்சி.

அப்படியும் ஏமாந்தால், கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பட்டாபிராம்காரருக்குத் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

இதெல்லாம் வாங்குகிறவருக்கான பாதுகாப்பு. விற்கிற பையனுக்கு?

சட்டம் அவரை ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. நாற்காலி விற்கிற கடையிலும் நாற்காலி கிடையாது. கேரளாவில் கடை ஊழியர்கள், முக்கியமாகப் பெண்கள், போராடியதன் பேரில் 2018-ல் உட்காரும் உரிமை சட்டத்தில் ஏறியது. 2021-ல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும் என்றது. ஒரு மனிதனுக்கு நாற்காலி போடச் சொல்லிச் சட்டசபை கூட வேண்டியிருந்தது!

பத்து மணி நேரம் நிற்கிற பையன் ராத்திரி வீட்டுக்குப் போய் இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் எப்படி வேலை செய்கிறது என்று படிப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? இந்த மாசம் இலக்கு தவறினால் அடுத்த மாசம் வேலை நிச்சயமில்லை. அடுத்த வருஷம் அவன் செல்போன் கடையில் இருப்பான். அதற்கடுத்த வருஷம் பைக்கில் சாப்பாடு கொண்டுவருவான். விற்ற பொருள் பழுதாகி வரும்போது அவன் அங்கே இருக்கப்போவதில்லை. அன்றைய ரேடியோக்காரருக்கு அறிவைக் கொடுத்தது படிப்பல்ல. இருபது வருஷம் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததும், சொன்ன பேச்சுக்குத் தானே பதில் சொல்ல வேண்டியிருந்ததும்தான். இரண்டையும் பிடுங்கிக்கொண்டு, 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியலை' என்று அலுத்துக்கொள்கிறோம்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடியில் டைடல் பார்க் திறந்தார்கள். சுற்றியிருக்கும் ரோட்டில் இன்னும் பல கண்ணாடிக் கதவுகள் வரும். வரட்டும். நீங்கள் உள்ளே போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை.

"தம்பி, இந்தக் கடையில் எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்று கேளுங்கள்.

"ஏழு வருஷம் சார்" என்று பதில் வந்தால், அந்த ஏ.சி.யை அங்கேயே வாங்கலாம்.